சர்வர் நின்றால் வேலை எப்போது தொடரும்? வாசகர் கேள்வி–பதில்

தொழில் நிறுவனங்களின் சர்வர் காப்பு நகல்கள் (பேக்கப்) குறித்து வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இவ்விதழில் விடையளிக்கிறோம். கேட்டவர்களின் தொழிலும் ஊரும் மட்டும் குறிக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஒரே ஒரு சர்வர்தான் உள்ளது. கணக்கு, ஆர்டர் விவரம், சம்பளப் பட்டியல் மூன்றும் அதில்தான் இயங்குகின்றன. சர்வரில் எப்போதும் செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் தினமும் இரவு 11 மணிக்குத் தானாகவே பேக்கப் ஏறிவிடுகிறது. இந்த ஏற்பாடு போதுமா?
— கணக்கு மேலாளர், திருப்பூர்

பதில்: நாள் தவறாமல் பேக்கப் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் இப்போதுள்ள ஏற்பாடு போதாது. எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், நிறுவன உரிமையாளருடன் அமர்ந்து இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். சர்வர் பழுதானால் எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழந்தாலும் சமாளிக்க முடியும் என்பது முதல் கேள்வி. வேலை மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்பது இரண்டாவது. காப்பு நகலுக்கான செலவும் கருவித் தேர்வும் இந்த இரு விடைகளிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல இடங்களில் கருவியை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அது தரும் பாதுகாப்பே போதும் என்று பிறகு மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

தங்கள் சர்வர் மாலை 6 மணிக்கு நின்றால், கையில் இருப்பது முந்தைய இரவு 11 மணியின் நகல். அன்றைய பில்கள், சரக்கு அனுப்பிய பதிவுகள், வரவு செலவு அனைத்தும் போய்விடும். காகிதங்களைப் பார்த்து மறுபடி ஏற்றிவிடலாம் என்று தோன்றக்கூடும். அதில் பலரும் முன்கூட்டி எண்ணிப் பார்க்காத சிக்கல் ஒன்று உண்டு. அன்று பகலில் போட்ட இ-இன்வாய்ஸ்கள் அரசின் தளத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். முந்தைய இரவின் நிலைக்குத் திரும்பிய தங்கள் மென்பொருளுக்கு அது தெரியாது என்பதால், பயன்படுத்திவிட்ட பில் எண்ணையே அடுத்த பில்லுக்கும் கொடுக்கும்; ஒரே நிதியாண்டில் அதே எண் இரண்டாம் முறை வந்தால் அரசுத் தளம் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே பில் போடும் மென்பொருள் அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட இழப்பைத் தாங்காது. சம்பளப் பட்டியலோ மாதத்தின் சில நாள்கள் தவிர ஒரு நாள் பின்தங்கினாலும் தாங்கும். ஒரே சர்வரில் இருக்கும் மூன்றுக்கும் ஒரே அட்டவணை தேவையில்லை; பில்லிங் தரவை அரை மணிக்கு ஒரு முறையும் மற்றவற்றை இரவிலும் நகலெடுத்தாலே செலவு பெரிதாகக் கூடாமல் பாதுகாப்பு பலமடங்கு உயரும்.

அடுத்தது, செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், சர்வரின் கைக்கு எட்டும் ஒவ்வொரு டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். மின்னழுத்தம் திடீரென எகிறினாலும், அறையில் தீப்பிடித்தாலும், திருடு போனாலும் சர்வரும் நகலும் ஒன்றாகவே போகும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 என்னும் விதி இதற்காகவே பின்பற்றப்படுகிறது: தரவு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும், இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறிடத்தில் இருக்க வேண்டும். இன்றைய நிலையில், நெட்வொர்க் வழியாக எவராலும் அழிக்க முடியாத பிரதி ஒன்றும் வேண்டும் என்று இதனுடன் சேர்த்துக்கொள்வது அவசியம்.

தங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். அலுவலகத்தின் வேறொரு அறையில், நெட்வொர்க்கில் இணையும் சிறிய என்.ஏ.எஸ். சேமிப்புக் கருவி ஒன்றை வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை எடுக்கும் நகல்கள் அதில் சேரட்டும். அந்தக் கருவிதான் சர்வரை அணுகித் தரவை எடுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, சர்வருக்கு அந்தக் கருவியில் எழுதவோ அழிக்கவோ உரிமை இருக்கக் கூடாது. சர்வரின் அட்மின் கடவுச்சொல் அந்தக் கருவியைத் திறக்கவும் கூடாது. இரவில் ஒரு நகல், குறிப்பிட்ட நாள்கள் முடியும்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டப்படும் கிளவுட் சேமிப்புக்குப் போகட்டும். இப்போதுள்ள ஹார்ட் டிஸ்க்குடன் இன்னொன்றையும் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பயன்பாட்டில் இல்லாத டிஸ்க் அலுவலகத்துக்கு வெளியே, பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் மருத்துவப் பரிசோதனை நிலையத்தின் சர்வரில் ரெய்டு முறையில் இரண்டு டிஸ்க்குகள் ஒன்றன் பிரதியாக மற்றொன்று இயங்குகின்றன. அதைத் தவிர, எல்லா மாற்றங்களும் உடனுக்குடன் போய்ச் சேரும் இரண்டாவது சர்வரும் தயாராக உள்ளது. இவ்வளவு இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு?
— நிர்வாகப் பங்குதாரர், மதுரை

பதில்: தாங்கள் சொன்ன இரண்டும் வேலை நிற்காமல் தொடர்வதற்கான ஏற்பாடுகள், தேவையானவை. ஆனால் இயந்திரம் பழுதாவதிலிருந்து மட்டுமே அவை காக்கின்றன. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு, மென்பொருள் பிழையால் சிதைந்த பட்டியல், வைரஸ் பூட்டிய தரவு ஆகியவை அதே வேகத்தில் பிரதிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நேற்றைய நிலையை எந்தப் பிரதியிலும் பார்க்க முடியாது.

2017 ஜூன் 27 அன்று, கணினித் தரவை அழிக்கும் நாட்பெட்யா என்ற தீய நிரலின் தாக்குதலுக்கு ஆளான டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் நடந்தது இதுவே. அந்நிறுவனத்தில் பயனர்களின் அடையாளத்தைச் சரிபார்க்கும் சர்வர்கள் உலகின் பல இடங்களில் ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தன. ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது திட்டம். எல்லாமே ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் திட்டமிடவில்லை, அப்படியே அழிந்தன. ஆப்பிரிக்காவின் கானாவில், மின்வெட்டு காரணமாக நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பியது. அதை வைத்துத்தான் மீட்புப் பணியைத் தொடங்கினார்கள். சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாள்களில் மறுபடி நிறுவியதாக அதன் தலைவர் பின்னர் தெரிவித்தார்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு நேர்ந்தது தங்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம். முதன்மைத் தரவுத்தளத்துக்கும் அதன் பிரதிக்கும் இடையிலான தொடர்பு தடைப்பட்டதால், பிரதியின் தரவை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற முயன்ற பொறியாளர், தவறுதலாக முதன்மைச் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடியபோது அந்த இடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்புடன் பொருந்தாததால் அது தோல்வியடைந்துகொண்டே இருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறுநரிடம் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னர் ஒருவர் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்தக் கணத்துத் தரவு நிலையின் பிரதி) நிறுவனத்தைக் காப்பாற்றியது. மீள்வதற்கு ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. நடந்தவை அனைத்தையும் கிட்லேப் மறைக்காமல் வெளியிட்டது; இத்துறையில் இருப்பவர்கள் அந்த நேர்மைக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

எனவே இரண்டாவது சர்வர் இருக்கட்டும். கடந்த பல நாள்களின் நிலைகளைத் தனித்தனியாக வைத்திருக்கும் காப்பு நகல் அதற்கும் அப்பால் கட்டாயம் தேவை. பேக்கப் தோல்வியுற்றால் மட்டும் செய்தி வரும்படி வைக்காமல், வெற்றியடைந்தாலும் நாள்தோறும் செய்தி வரும்படி அமையுங்கள். செய்தி வராத நாள் விசாரிக்க வேண்டிய நாள்.

கேள்வி: நாங்கள் மருந்து மொத்த விநியோகஸ்தர்கள். எங்கள் 2 டெராபைட் தரவு கிளவுட்டில் பேக்கப் ஆகிறது. அலுவலக இணைய இணைப்பு 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்). சர்வர் போனால் ஒரு மணி நேரத்தில் மீட்டுத் தருவதாகப் பராமரிப்பு நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறது. நம்பலாமா?
— உரிமையாளர், சேலம்

பதில்: பெருக்கிப் பார்த்துவிடுங்கள். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு முழு வேகத்தில், தடையே இல்லாமல் ஓடினாலும், எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். மணிக்கு 45 ஜிகாபைட். 2 டெராபைட் இறங்க ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். புதிய இயந்திரம் கிடைக்கும் நேரம், இயங்குதளம் நிறுவும் நேரம், தரவுத்தளம் சரிபார்க்கும் நேரம் எதுவும் இதில் சேரவில்லை. அதே தரவு அலுவலகத்துக்குள்ளேயே பத்து மடங்கு வேகமான 1 ஜி.பி.பி.எஸ். கேபிளில் இணைந்த கருவியில் இருந்தால் நான்கரை மணி நேரம் போதும். விரைவான மீட்புக்கு அருகிலுள்ள நகல், பேரிடருக்குத் தொலைவிலுள்ள நகல் என்று இரண்டையும் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆயினும் ஒரு மணி நேர வாக்குறுதியை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதை நிறைவேற்ற இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தரவைப் பிரித்து வைப்பது. தங்கள் 2 டெராபைட்டில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பழைய பில்களும் கடிதங்களும் ஆக இருக்கக்கூடும். நடப்பாண்டின் பில்லிங், சரக்கிருப்புத் தரவுத்தளம் 40 ஜிகாபைட் என்று வைத்துக்கொண்டால், அது கிளவுட்டிலிருந்தே ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். முதலில் அதை மீட்டு பில் போடத் தொடங்கிவிட்டு, மற்றவற்றைப் பின்னணியில் இறக்கிக்கொள்ளலாம். எது முதலில், எது பிறகு என்ற வரிசை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். சர்வர் நின்ற பதற்றத்தில் அதை முடிவு செய்வது கடினம்.

இரண்டாவது வழி, கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல், இயங்குதளம் உட்பட முழுச் சர்வரையும் ஒரே படிமமாக எடுப்பது. இப்படி எடுத்த படிமத்தை, காப்பு நகல் இருக்கும் கருவியிலிருந்தே மெய்நிகர் இயந்திரமாக (மென்பொருளாலேயே உருவாகும் கணினியாக) நேரடியாக இயக்க இன்றைய பேக்கப் மென்பொருள்கள் பலவற்றில் வசதி உள்ளது. சில நிமிடங்களில் வேலை தொடங்கிவிடும். வேகம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கிடங்கிலிருந்து மருந்து வெளியேறுவது நிற்காது. இரவில் ஆள்கள் இல்லாத நேரத்தில் தரவை நிலையான சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பராமரிப்பு நிறுவனத்திடம் இன்னும் சில விவரங்களையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கிளவுட்டில் எந்த வகைச் சேமிப்பில் நகல் கிடக்கிறது? மிக மலிவான ஆவணக்காப்பு வகையாக இருந்தால், இறக்கத் தொடங்குவதற்கே பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் வகையில் வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரையும், மொத்தமாக எடுக்கும் மலிவு முறையில் 48 மணி நேரம் வரையும் ஆகலாம். ஞாயிறு ஒரு முழு நகலும் மற்ற நாள்களில் முந்தைய நாளுக்குப் பிந்தைய மாற்றங்களும் மட்டும் எடுக்கப்படுகின்றனவா? அப்படியானால் சனிக்கிழமை மீட்பதற்கு ஏழு நகல்களும் பழுதின்றி இருக்க வேண்டும். இடையில் ஒன்று கெட்டாலும் அதற்குப் பிந்தையவை பயன்படா. மாற்று இயந்திரம் கையிருப்பில் உள்ளதா? மென்பொருளின் உரிமம் பழைய இயந்திரத்துடன் பிணைக்கப்பட்டிருந்தால், புதியதில் அதை யார், எவ்வளவு நேரத்தில் மாற்றித் தருவார்? தரவு முழுவதும் மீண்டுவிட்ட பிறகும் உரிமத்துக்காக ஒரு நாள் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

கேள்வி: எங்கள் தங்கும் விடுதியில் 24 மணி நேரமும் பில்லிங் நடக்கிறது. பேக்கப் ஓடும்போது எல்லாரையும் மென்பொருளிலிருந்து வெளியேறச் சொல்கிறார்கள். வேறு வழியில்லையா?
— வரவேற்புப் பிரிவு மேலாளர், கன்னியாகுமரி

பதில்: இருக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் ஒரு கோப்பு ஒரு நொடியின் நிலையிலும் இன்னொன்று வேறு நொடியின் நிலையிலும் இருக்கும் என்பதால்தான் வெளியேறச் சொல்கிறார்கள். ஆனால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய அனைத்திலும், பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒரே கணத்தின் நிலையை எடுக்கும் வசதி உள்ளது. எஸ்க்யூஎல் சர்வரில் முழு நகல் நாளுக்கு ஒன்று, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பரிவர்த்தனைப் பதிவேட்டின் நகல் 15 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால், எந்த நிமிடத்து நிலைக்கும் திரும்ப முடியும். தரவுத்தளம் முழு மீட்பு முறையில் அமைக்கப்பட்டிருந்தால்தான் இது இயலும். எளிய முறையில் பதிவேட்டை நகலெடுக்கவே முடியாது. மென்பொருள் நிறுவனத்திடம் இதைச் சொல்லி அமைப்பை மாற்றித் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் எல்லாச் சர்வர்களும் கிளவுட்டில்தான் உள்ளன. பேக்கப் பொறுப்பும் கிளவுட் நிறுவனத்துடையதுதானே?
— மென்பொருள் நிறுவன இயக்குநர், கோயம்புத்தூர்

பதில்: இயந்திரங்களை இயங்க வைப்பது அவர்கள் பொறுப்பு, உள்ளே இருக்கும் தரவைக் காப்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் வாடிக்கையாளரின் பொறுப்பு. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்துபோனது. நகல்களையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். 2014 ஜூன் மாதத்தில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்கில் நுழைந்தவர் பணம் கேட்டு மிரட்டி, கிடைக்காத நிலையில் சர்வர்களையும் நகல்களையும் அழித்தார். இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்ததால் மீள வழியின்றி அந்நிறுவனம் மூடப்பட்டது. அரசுகளும் இதற்கு விலக்கல்ல. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் அழிந்தது. அதில் இருந்த 858 டெராபைட்டுக்கு வெளியே நகல் கிடையாது. அளவு மிகப் பெரிது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

நகல்களை வேறு பிராந்தியத்தில், வேறு கணக்கில், வேறு நிர்வாகியின் கடவுச்சொல்லின் கீழ் வையுங்கள். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் புனேயிலும் பிராந்தியங்கள் இருப்பதால், இந்தியாவை விட்டு வெளியே போகாமலே இதைச் செய்ய முடியும்.

கேள்வி: அம்பத்தூரில் எங்கள் தொழிற்சாலை உள்ளது. கிண்டி அலுவலகத்தில் ஒரு நகல் வைத்திருக்கிறோம். அது வேறிடம்தானே?
— தயாரிப்பு மேலாளர், சென்னை

பதில்: தீ விபத்துக்கும் திருட்டுக்கும் அது வேறிடம். வெள்ளத்துக்கு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் நின்றதைத் தாங்கள் நேரில் அறிவீர்கள். 2015 டிசம்பர் 2 அன்று, 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்களால் அச்சகத்தை அடைய முடியாததே காரணம். இயந்திரம் நனையாவிட்டாலும் அதை இயக்கும் ஆள்கள் போய்ச் சேர வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மூன்றாவது நகல் வேறொரு நகரத்தில் இருக்கட்டும். அதைத் தொலைவிலிருந்தே இயக்க இருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: பேக்கப் தினமும் சரியாக நடப்பதாகக் கணினிப் பிரிவினர் அறிக்கை தருகிறார்கள். மருத்துவமனை நிர்வாகி என்ற முறையில் நான் வேறு எதைக் கேட்க வேண்டும்?
— திருச்சிராப்பள்ளி

பதில்: “கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது?” என்று கேளுங்கள். பதில் தேதியாகவும் மணிக்கணக்காகவும் வர வேண்டும்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. பாதிக்கப்படாத காப்புச் சர்வர் ஒன்றிலிருந்து, மருத்துவமனையின் நிர்வாக மென்பொருளான இ-ஹாஸ்பிட்டலின் தரவு மீட்கப்பட்டது. தரவு பிழைத்தும், பதிவு, பில், பரிசோதனை முடிவு எல்லாம் சுமார் இரண்டு வாரங்கள் கையால் எழுதப்பட்டன. ஆயிரக்கணக்கான கணினிகளைச் சுத்தம் செய்து உறுதிப்படுத்திய பிறகே மறுபடி இணைக்க முடியும் என்பதால் அவ்வளவு காலம் ஆனது. நகல் இருப்பது ஒன்று, வார்டில் இருக்கும் செவிலியர் திரையில் நோயாளியின் பெயரைப் பார்ப்பது இன்னொன்று. இடையிலுள்ள ஒவ்வொரு படிக்கும் நேரம் பிடிக்கும்.

மூன்று மாதங்களுக்கு ஒரு முறை முழு ஒத்திகை நடத்துங்கள். நெட்வொர்க்கில் இணையாத வேறோர் இயந்திரத்தில், பேக்கப் எடுப்பவர் அல்லாத வேறொருவர், எழுதி வைத்த குறிப்புகளை மட்டும் பார்த்து மீட்க வேண்டும். குறிப்பில் விடுபட்டவை அப்போதுதான் வெளிப்படும். மீட்ட பிறகு நேற்றைய கடைசி பில் எண் இருக்கிறதா, சில பழைய எக்ஸ்ரே படங்கள் திறக்கின்றனவா என்று மருந்தகத்திலும் ஆய்வகத்திலும் வேலை செய்பவர்களே பார்த்துச் சொல்லட்டும். ஊடுருவியவர்கள் பல நாள்கள் உள்ளே மறைந்திருந்துவிட்டுத் தாக்குவது வழக்கம் என்பதால், கடைசி நகலுடன் ஒரு மாதத்துக்கு முந்தைய நகலையும் மீட்டுப் பார்ப்பது நல்லது. மீட்புக் குறிப்புகளும் தொலைபேசி எண்களும் அச்சிட்ட காகிதத்தில் இருக்க வேண்டும். நின்றுபோன சர்வரிலேயே அவை இருந்தால் எடுக்க முடியாது. தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 ஆணையின்படி கட்டாயம். அந்த முகவரியும் அதே காகிதத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பழைய நகல்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?
— பட்டயக் கணக்காளர், நாகர்கோவில்

பதில்: சட்டத்தைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. ஆவணங்களை ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களும், நிறுவனச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளும் வைத்திருக்க வேண்டும். கணினியில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் நகல் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட் மாதத் திருத்தம் கூறுகிறது. இதற்காக எல்லா நாள் நகல்களையும் எட்டு ஆண்டுகள் சேர்க்க வேண்டியதில்லை. அன்றாட நகல் ஒரு மாதத்துக்கும், மாதக் கடைசி நகல் ஓராண்டுக்கும், மார்ச் 31 நகல் சட்டம் கேட்கும் காலம் முழுவதற்கும் இருந்தால் போதும். அந்த ஆண்டிறுதி நகலுடன், அதைத் திறக்கும் மென்பொருள் பதிப்பின் நிறுவல் கோப்பையும், நகல் மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அதன் சாவியையும் தனித்தனி இடங்களில் சேர்த்து வையுங்கள்.